இரண்டாம் நோட்டு பட்டணத்தில் இருக்கிறது

மேலகரம்,
சித்திரபானு வருஷம், ஆனி 29, திங்கட்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள தளவாய் அண்ணனுக்கு,

தெரியவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். "அந்தப் பையனை உனக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா, ஒரே வார்த்தையில் எழுது" என்று கார்டு போட்டிருந்தீர்கள். எழுதிவிட்டேன். முறைப்படி இதற்கு முன்னால் க்ஷேமம் விசாரித்திருக்க வேண்டும். ஆகவே: இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகமும் மதினி சுகமும் அறிய ஆவல். பட்டணத்தில் குண்டு விழவில்லை என்று பேப்பரில் பார்த்தோம். அம்மா பேப்பரை நம்பவில்லை. உங்கள் கையெழுத்தில் வந்தால்தான் நம்புவாளாம். அடுத்த கார்டில் "குண்டு விழவில்லை" என்று ஒரு வரி சேர்க்கவும்.

இனி விஷயம். கெஞ்சிக் கேட்கிறேன். இது கிடைத்தவுடனே என் ஹாஸ்டலுக்குப் போங்கள். பூட்டியிருக்கும், காவல்காரரிடம் பெயர் சொன்னால் திறப்பார். மாடியில் வடக்கு அறை. ஜன்னலுக்கு மேலே ஒரு பலகை. அதில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு. அதை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிடுங்கள். ஆடி பிறக்க மூன்று நாள்தான் இருக்கிறது. அதற்குள் அந்த நோட்டு வராவிட்டால் அப்பா பக்கம் நாற்பத்தொன்றுக்குப் போய்விடுவார். பக்கம் நாற்பத்தொன்று ருஷ்யா.

புரியாது. முதலிலிருந்து சொல்கிறேன்.

ஹானர்ஸில் எனக்கு யுத்த சரித்திரம் ஒரு பாடம். போர்க்களங்கள், தளபதிகள், அவர்கள் எடுத்த முடிவுகள். எந்தத் தளபதிக்கும் முடிவெடுக்கிற நேரத்தில் விளைவு தெரியாது. விளைவு தெரிந்த நாம், நூறு வருஷம் கழித்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அவனை முட்டாள் என்கிறோம். இது நியாயமில்லை என்று எனக்குத் தோன்றியது. அதனால் முடிவுகளை மட்டும் தனியாக ஒரு சிவப்பு நோட்டில் எழுதினேன். விளைவுகளை நீல நோட்டில். இரண்டையும் கலக்கக் கூடாது என்று ஒரு விரதம். பெரிய சிந்தனை என்று நினைத்துக்கொண்டேன். பங்குனிக் கடைசியில் விமானக் குண்டுக்குப் பயந்து பட்டணத்தைக் காலி செய்யச் சொன்னார்களே, அன்று ஹாஸ்டலில் எங்களுக்குக் கொடுத்தது அரை மணி நேரம். பெட்டிக்குள் சிவப்பு நோட்டு வந்தது. நீல நோட்டு பலகையிலேயே இருந்துவிட்டது.

சிவப்பு நோட்டை அப்பா எடுத்துப் படித்தார்.

அப்பா முப்பத்தொரு வருஷம் சப் ரிஜிஸ்திராராக இருந்தவர். அதன் அர்த்தம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது, அண்ணே. பத்திரம் வரும். படிப்பார். கையெழுத்து, ரேகை, முத்திரை. போய்விடும். அந்த நிலம் விளைந்ததா, தரிசாகக் கிடந்ததா, வாங்கினவனும் விற்றவனும் வரப்பில் நின்று வெட்டிக்கொண்டார்களா, ஒருநாளும் அவர் கேட்டதில்லை. அது அவர் இலாகா இல்லை. மையில் எழுதியிருந்தால் அது நடந்தது. அதற்குப் பிறகு என்று ஒன்று கிடையாது.

இரண்டு நாள் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி ஆவுடை, இதுல எல்லாப் பெரிய ஆளும் இருக்கானேட்டி. நெப்போலியன் இருக்கான். ஹானிபால் இருக்கான். விஜயநகரத்துக்காரன்கூட இருக்கான்."

"ஆமாப்பா."

"இம்புட்டுப் பெரிய ஆளுக யோசிச்சு யோசிச்சு செஞ்சத வச்சிக்கிட்டு, நாம ஒரு கல்யாணத்த முடிக்க முடியாமலா போயிரும்?"

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஒருவர் என் நோட்டை இவ்வளவு மரியாதையாகப் படித்தது அதுவே முதல் தடவை.

பிறகு உங்கள் கடிதம் வந்தது. அம்பாசமுத்திரம் ரத்தினம் பிள்ளையும் அவர் மகன் சுந்தரபாண்டியனும் சாரலுக்குக் குற்றாலம் வருகிறார்கள், ஆனி ஐந்து முதல் லாட்ஜில் இருப்பார்கள், பையன் அணைக்கட்டில் ஓவர்சியர், ஒருநாள் மேலகரத்துக்கு அழைத்துச் சாதாரணமாகப் பெண்ணைக் காட்டினால் போதும், ஆடிக்கு முன்னால் பேச்சை முடித்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். "சாதாரணமாக" என்ற சொல்லை அப்பா படிக்கவில்லை. "ரத்தினம் பிள்ளை போன யுத்தத்தில் மெசபொடேமியாவில் இருந்தவர்" என்ற வரியை மட்டும் இரண்டு தடவை படித்தார். அவர் அங்கே இருந்தது ரேஷன் குமாஸ்தாவாக என்று நீங்கள் அதற்கு அடுத்த வரியிலேயே எழுதியிருந்தீர்கள். அதுவும் பயனில்லை. எதிரே ஒரு ராணுவக்காரர் இருக்கிறார் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார்.

பக்கம் ஒன்பது. வாட்டர்லூ. என் கையெழுத்தில்: "முந்தின நாள் மழை. தரை ஈரம். பீரங்கி நகராது. தரை காயும் வரை காத்திருக்க முடிவு."

அப்பா காத்திருக்க முடிவு செய்தார்.

குற்றாலத்தில் சாரல், ஆனி மாதம், தரை காய்வதற்கு. யோசித்துப் பாருங்கள். தினமும் காலையில் வாசலில் குனிந்து மண்ணில் விரலை வைத்துப் பார்ப்பார். விரலைத் துடைப்பார். "இன்னும் காயல" என்பார். ஆனி ஆறு காயவில்லை. பத்து காயவில்லை. பதினைந்து அன்று அரை மணி நேரம் வெயில் அடித்தது. வில்வண்டியைப் பூட்டச் சொன்னார். மாட்டைப் பிடிப்பதற்குள் மலையிலிருந்து அடுத்த மேகம் இறங்கிவிட்டது. லாட்ஜிலிருந்து ஆள் வந்து, "மழைன்னா பொண்ணு வீட்டுக்காரக வரப்பிடாதான்னு பிள்ளைவாள் கேக்காக" என்று சொல்லிப் போனான். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வாறவுக மழையில குளிக்கத்தான வந்திருக்காக. அவுககிட்டப் போயி மழை நிக்கட்டும்ன்னா?" என்றாள்.  அப்பா பக்கம் ஒன்பதை எடுத்து அம்மா முன்னால் விரித்துக் காட்டினார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்குத் தெரியும். நெப்போலியனுக்கு அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று நான் சொல்லத் தொடங்கினேன். எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. தாமதம்தான் தோல்விக்குக் காரணமா, தாமதமே இல்லாமலும் தோற்றிருப்பாரா? நீல நோட்டில் இரண்டு கட்சியையும் எழுதியிருந்தேன். எது முடிவான கட்சி என்று ஞாபகம் இல்லை. தயங்கினேன். தயங்கிய சாட்சியை அப்பா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

இந்தத் தாமதத்தில் செங்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம் அதே லாட்ஜில் வந்து இறங்கிவிட்டது. அவர்களுக்கும் கல்யாண வயசில் ஒரு பெண் இருந்தாள். அப்பாவுக்கு இது வாட்டர்லூவில் எதிரிக்குத் துணையாகப் பிரஷ்யாக்காரர்கள் வந்த மாதிரி. பக்கம் பத்து: "படையில் மூன்றில் ஒரு பங்கைப் பிரித்து, எதிரியின் துணைப்படையைப் பின்தொடர அனுப்ப முடிவு. எழுத்து மூலமான உத்தரவு." நம் வீட்டில் மூன்றில் ஒரு பங்கு சொரிமுத்துச் சித்தப்பா. "செங்கோட்டையாரைப் பின்தொடரவும். அவர்கள் பிள்ளைவாளோடு சேராமல் பார்த்துக்கொள்ளவும். இந்த உத்தரவை எக்காரணத்தாலும் மீற வேண்டாம்" என்று அப்பா எழுதி, தேதி போட்டு, சித்தப்பாவிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு அனுப்பினார். அந்தக் குடும்பம் வெறுமனே குளிக்க வந்தவர்கள். மறுநாளே ஊர் திரும்பினார்கள். சித்தப்பா செங்கோட்டை போனார். அவர்கள் அங்கிருந்து ஒரு விசேஷத்துக்கு ரயிலேறினார்கள். சித்தப்பாவும் ஏறினார். மூன்று நாள் கழித்து ஒரு கார்டு: "புனலூர். அவர்கள் இங்கே இருக்கிறார்கள். நானும் இருக்கிறேன். உத்தரவை மீறவில்லை. சாயா நன்றாக இருக்கிறது." நேற்று இன்னொரு கார்டு, கொல்லத்திலிருந்து. கடல் பார்த்தாராம். நம் வீட்டில் நாலு பேரிடம் நயமாகப் பேசத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பது உங்களுக்குத் தெரியும். தேவைப்பட்ட அன்று அவர் திருவிதாங்கூரில் இருந்தார்.

ஆனி இருபத்துமூன்று. தரை காயவில்லை. நாள் குறைந்துவிட்டது. அப்பா நேரில் போய் அழைக்கத் தீர்மானித்தார். தனியாகப் போயிருக்கலாம். பக்கம் இருபத்தேழு, பானிபட், மூன்றாவது யுத்தம்: "குடும்பங்களையும் யாத்திரிகர்களையும் படையோடு அழைத்துச் செல்ல முடிவு." பத்தொன்பது பேர் போனார்கள், அண்ணே. கீழப்பாவூரிலிருந்து அத்தைமார் வந்தார்கள். நான் மட்டும் வீட்டில். பெண் போகக் கூடாதாம்.

குற்றாலம் வரைக்கும் போய்விட்டு, குளிக்காமல் லாட்ஜுக்கு யார் போவார்? மற்றவர்கள் அருவிக்குப் போனார்கள். அப்பா எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் பலகையில் உட்கார்ந்தார். தேய்த்தவர் சுடலைமாடன், வருஷா வருஷம் அப்பாவுக்குத் தேய்க்கிறவர்தான். பக்கத்துப் பலகையில் யாரோ ஒருவர் குப்புறப் படுத்திருந்தாராம். அப்பா அன்று வீட்டுக்கு வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒரு நல்ல மனுஷன பாத்தேன்ட்டி. எண்ணெயோட கெடந்தாரு. நான் வாட்டர்லூவுல ஆரம்பிச்சேன். ஒரு மணி நேரம் ஊம்ன்னு கேட்டுக்கிட்டே கெடந்தாரு. நம்ம திட்டம் பூரா சொல்லிட்டேன். வட்டம் கட்டுறது, வண்டிய அனுப்புறது, எல்லாம். 'பலே, பலே'ன்னாரு. நடுவுல ஒரு எடத்துலகூடக் குறுக்க பேசல. இந்தக் காலத்துல அப்படி ஆளு கெடைக்குமா?"

"யாருப்பா அவுக?"

"எண்ணெயில என்னட்டி தெரியும்? நான் கண்ணாடியும் போடல."

அதற்குள் மற்ற எல்லோரும் ஈரத்துணியோடு லாட்ஜுக்குப் போய்விட்டிருக்கிறார்கள். ரத்தினம் பிள்ளை வெளியே போயிருந்தார். மகன் மட்டும் இருந்தார். பதினெட்டுப் பேர் திடீரென்று நனைந்துபோய் வாசலில் நின்றால் ஒரு மனிதன் என்ன செய்வான்? லாட்ஜ்காரனிடம் கேட்டு எல்லோருக்கும் துண்டு வாங்கிக் கொடுத்தாராம். காது கேட்காத சங்கரம்மாள் அத்தைக்கு மட்டும் தன் சொந்தத் துண்டு. அத்தை அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வீட்டில் உலர்த்தியிருக்கிறது. "பையன் தங்கம்" என்று எல்லோரிடமும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை.

இதை நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

பக்கம் பதினான்கு. கன்னே. ஹானிபால்: "நடுவில் பலவீனமான படையை நிறுத்தி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கச் சொல்லி, எதிரியை உள்ளே இழுத்து, இரு பக்கமும் மூட முடிவு." இது ஜெயித்தது. இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஜெயிக்கிற முடிவுதான் எல்லாவற்றிலும் மோசம். கூடத்தில் ஜமக்காளத்தைப் பிறை மாதிரி விரித்து, இரண்டு கோடியிலும் சொந்தக்காரர்கள். நடுவில் பலவீனமானவர்கள். அதாவது சங்கரம்மாள் அத்தையும் நானும். எனக்கு உத்தரவு: ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு இரண்டு அடி பின்னால் போக வேண்டும். இதோடு பக்கம் முப்பது, திரும்பிப் போகிற வழியை நாமே அடைக்கிறது. கப்பலை எரித்த ஒரு தளபதி. அப்பா எரிக்கவில்லை. பிள்ளைவாள் வந்த வண்டியை, இறங்கினவுடன், கீழப்பாவூருக்கு அனுப்பிவிட்டார். பதில் சொல்லாமல் கிளம்ப முடியாதாம்.

ரத்தினம் பிள்ளை ஒல்லியான மனிதர். உட்கார்ந்தார். சுற்றிப் பார்த்தார்.

"என்ன படிச்சிருக்க தாயி?"

"சரித்திரம் ஹானர்ஸ். கடைசிப் பரீட்சை பாக்கி இருக்கு." இரண்டு அடி.

"எப்பப் பரீட்சை?"

"புரட்டாசியில." இரண்டு அடி.

"என்ன தாயி, கேக்கல. கொஞ்சம் கிட்ட வந்து சொல்லு."

கிட்டப் போகக் கூடாது. பதிலை உரக்கச் சொல்லிவிட்டு இன்னும் இரண்டு அடி. நான் அடுக்களைக்குப் போகிற நடையில் இருந்தேன். அவர் எழுந்து வந்தார். மகனும் எழுந்தார். அப்பா கையைத் தூக்கினார். இரண்டு கோடியிலிருந்தும் சொந்தக்காரர்கள் எழுந்து வந்து பின்னால் மூடிக்கொண்டார்கள். இருபத்துமூன்று பேர், ஒரு நடைக்குள்ளே.

பிளாசியில் நவாபின் வெடிமருந்து மழையில் நனைந்தது. இது நோட்டில் இல்லாமலே நடந்தது: எங்கள் விறகு நனைந்திருந்தது. அம்மா கேசரிக்காக அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நடை முழுக்கப் புகை. முன்னால் போனால் அடுப்பு. பின்னால் சொந்தக்காரர்கள். யார் முகமும் தெரியவில்லை. எல்லோரும் இருமுகிறார்கள். "யாருட்டி தீ வச்சது? துண்டு பத்திரம்!" என்று அத்தை கத்துகிறாள். அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து, "பொண்ணப் பாக்க வந்தாகளா, வீட்டப் பிடிக்க வந்தாகளா?" என்று கேட்டாள்.

புகைக்குள்ளிருந்து ரத்தினம் பிள்ளையின் குரல். மிகவும் சாந்தமாக.

"ஓய், இது கன்னேதான?"

அப்பா திகைத்துவிட்டார். "அண்ணாச்சிக்கு எப்படித் தெரியும்?"

"வண்டியையும் அனுப்பிட்டீராக்கும்?"

"கீழப்பாவூருக்கு."

"அதும் சொன்னீரு."

"நான் எப்ப சொன்னேன்?"

"எண்ணெய்ப் பலகையில. நான் குப்புறக் கெடந்தேன்."

 அப்பா தன் யுத்தத் திட்டம் முழுவதையும் எதிரியின் தளபதிக்கு ஒரு மணி நேரம் விளக்கிச் சொல்லி, "பலே"யும் வாங்கியிருக்கிறார். இதற்கு என் நோட்டில் முன்மாதிரி இல்லை. எந்த நோட்டிலும் இருக்காது.

"பயப்படாதீரும்," என்றார் பிள்ளைவாள். "குட்டுன்னு ஒரு ஊரு. மெசபொடேமியாவுல. துருக்கிக்காரன் சுத்தி வளைச்சிட்டான். அஞ்சு மாசம் உள்ள கெடந்தோம். குதிரைய அடிச்சுத் தின்னாக. நான் சைவம்லா. பேரு தெரியாத களைய பறிச்சு வந்து கீரைன்னு அவிச்சித் தின்னேன். அங்கன இருந்தே வந்தவனுக்கு உம்ம வீட்டு நடை ஒரு கஷ்டமா? ஒரே ஒரு கேள்வி இருக்கு. அத ஒம்ம மககிட்டத்தான் கேக்கணும்."

எல்லோரும் இருமலை அடக்கிக்கொண்டார்கள்.

"தாயி, அந்த நோட்டு நீ எழுதுனதுதான? தரை காயட்டும்ன்னு ஒருத்தன் உக்காந்திருந்தான். சரி. பொறவு என்ன ஆச்சு?"

"அது ரெண்டாவது நோட்டுல இருக்கு. நோட்டு பட்டணத்துல இருக்கு."

அப்போது அப்பா என் பக்கம் திரும்பினார். புகையில் அவர் கண்கள் சிவந்திருந்தன. நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார், அண்ணே. அந்தக் குரல் இன்னும் எனக்குக் கேட்கிறது.

"பொறவா? பொறவுன்னு ஒண்ணு உண்டாட்டி?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். பெரிய இரைச்சல். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அந்த இரைச்சலுக்குள் என் இடது பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், ஒரு குரல் தாழ்வாகக் கேட்டது.

"ரெண்டாவது நோட்டுல என்ன இருக்கு?"

"யாரு தோத்தாகன்னு இருக்கு."

"அது எல்லாருக்கும் தெரியுமே. மொத நோட்டுதான் கஷ்டம்."

நான் குரல் வந்த பக்கம் திரும்பினேன்.

"அணைக்கட்டுல எனக்கு அதான் சோலி. மலையில எம்புட்டுப் பெய்யுதுன்னு தெரியாது. அங்கனயே நின்னு முடிவு பண்ணணும். மதகத் தூக்கினா கீழ உள்ள வயலு போகும். தூக்கலன்னா மேல உள்ள ஊரு. ரெண்டு நாள் கழிச்சு எல்லாரும் வந்து சொல்லுவாக."

"என்ன சொல்லுவாக?"

"ரெண்டாவது நோட்ட."

சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை. முகமும் சரியாகத் தெரியவில்லை. நெற்றி கொஞ்சம் அகலம். அவ்வளவுதான் பார்த்தேன். ஆகவேதான் அண்ணே, தெரியவில்லை. ஒரு மனிதரைப் புகைக்குள் பத்து வாக்கியம் கேட்டுவிட்டு ஒரே வார்த்தையில் எப்படி எழுதுவது? என் முதல் நோட்டைக் கஷ்டம் என்று சொன்ன முதல் மனிதர். அது போதுமா? போதும் என்று தோன்றுகிற நேரத்தில், இப்படித்தான் எல்லாத் தளபதியும் நினைத்திருப்பான் என்றும் தோன்றுகிறது. பரீட்சை என்ன ஆகும்? அதைப் பற்றி அவர்கள் வாயைத் திறக்கவில்லை. "எப்ப" என்று கேட்டார்கள். "எதுக்கு" என்று கேட்கவில்லை. இது நல்ல குறியா, கெட்ட குறியா? மூன்று வருஷம் படித்த பாடத்தை ஒரு வாரத்தில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த மூன்று வருஷமும் சிவப்பு நோட்டு மாதிரி, பாதியில் நின்றுவிடும்.

வண்டி இல்லாததால் அவர்கள் நடந்தே போனார்கள். சாரலில். பிள்ளைவாள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். "சொல்லி அனுப்புறோம்" என்றார். பையன் தன் குடையை நம் வீட்டுக் கதவு மூலையில் விட்டுவிட்டு நனைந்துகொண்டு போனார்.

நான்கு நாளாக நம் வீட்டில் ஆராய்ச்சி அந்தக் குடையைப் பற்றித்தான். அவசரமாகப் பின்வாங்குகிறவன் ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஓடுவான் என்கிறார் அப்பா. அப்படியானால் சம்பந்தம் முறிந்தது. ஆனால் திரும்பி வர நினைக்கிறவன்தான் ஒரு காவலை விட்டுப் போவான் என்றும் சொல்கிறார். அப்படியானால் முறியவில்லை. குடையை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு. அம்மா பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்குகிறாள். சொல்லி அனுப்புகிறோம் என்றவர்கள் சொல்லி அனுப்பவில்லை. அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. "பொறவு" என்ற சொல் அவரைப் பிடித்துக்கொண்டது. நேற்றுப் பழைய பத்திரம் ஒன்றின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, "அந்த ஆழ்வார்குறிச்சி நஞ்சை பொறவு என்ன ஆச்சோ" என்று தனக்குத்தானே கேட்டார். இன்று காலையில் மறுபடியும் சிவப்பு நோட்டைத் திறந்துவிட்டார். குற்றாலத்துக்கே படையெடுக்கப் போகிறாராம். எல்லோரையும் சேர்த்துக்கொண்டு. தலைநகரத்தைப் பிடித்துவிட்டால் எதிரி தானாகவே சமாதானத்துக்கு வருவான். பக்கம் நாற்பத்தொன்று. ருஷ்யாவுக்குள் போன நெப்போலியன் படையையே தொலைத்தது நீல நோட்டில்தான் இருக்கிறது.

ஆகவே நீல நோட்டை அனுப்புங்கள். அதைப் படித்தால் அவர் நின்றுவிடுவார். நின்றுவிட்டால் நான் கொஞ்சம் யோசிக்கலாம்.

மதினியின் இருமல் தேவலையா? இரவில் விளக்கை மறைக்கச் சொல்லியிருப்பதால் படியில் பார்த்து இறங்கச் சொல்லுங்கள். அம்மா உங்கள் இருவருக்கும் ஆசீர்வாதம் சொல்கிறாள். அப்பா, படை விவரம் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். என் நமஸ்காரம். எந்த நேரமும் உங்கள் வீட்டுக் கூரை கூரையாகவே இருக்கக் குற்றாலநாதரை வேண்டிக்கொள்ளும்,

தங்கை,
ஆவுடையம்மாள்.

பின்குறிப்பு: ஒட்டப் போகும்போது சுடலைமாடன் வந்தார். வாழையிலையில் பொதிந்து ஒரு கடிதம். ஓரமெல்லாம் எண்ணெய். அப்பா பெயருக்கு இல்லை, என் பெயருக்கு. ரத்தினம் பிள்ளை எழுதியது. பாதியை இங்கே எடுத்து எழுதுகிறேன்.

"பலகையில் படுத்திருந்த அன்றே எங்களுக்குச் சம்மதம். உன் தகப்பனார் ஒரு மணி நேரம் யுத்தம் சொன்னார். அதில் எனக்கு ஒன்றும் மனசில் நிற்கவில்லை. நடுவில் ஒன்று சொன்னார். 'நூத்திப் பன்னெண்டு பக்கம் அண்ணாச்சி. எம்மக எழுதுனது. ஒரு அடித்தல் கெடையாது. முப்பத்தோரு வருஷத்துல இப்படி ஒரு பத்திரம் நான் பாத்ததில்ல' என்று. அதைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். எண்ணெய் கண்ணில் இறங்கிவிட்டது என்றார். வெள்ளிக்கிழமை நாங்கள் பெண் பார்க்க வரவில்லை. உன் எண்ணத்தைக் கேட்க வந்தோம். புகையில் கேட்க முடியவில்லை. நீ புரட்டாசியில் பரீட்சை எழுதி முடித்த பிறகு தையில் முகூர்த்தம் என்பது பையன் சொல்வது. நாளைக் காலை ஊருக்குப் புறப்படுகிறோம். சம்மதமானால் அவன் குடையை யாரிடமாவது கொடுத்தனுப்பு. இல்லையானால் நீயே வைத்துக்கொள், மழைக்காலம், எங்களுக்கு வருத்தமில்லை. அவன் அதை மறந்துதான் விட்டு வந்தான், வேறு அர்த்தம் எதுவும் இல்லை."

அப்பாவிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "அடித்தல் கெடையாதுன்னு நான் சொன்னது நெசம்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். ஹாஸ்டலுக்குப் போக வேண்டாம். நீல நோட்டை அனுப்ப வேண்டாம். புரட்டாசியில் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். சித்தப்பாவுக்கு மட்டும் கொல்லத்துக்கு ஒரு தந்தி கொடுங்கள். அவர் எழுத்து மூலம்தான் திரும்புவார்.

கடிதத்தின் முதல் வார்த்தையை, "தெரியவில்லை" என்பதை, அடித்திருப்பது யுத்த சென்சார் இல்லை. நான்தான். என் கையெழுத்தில் ஒரே அடித்தல். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

உறையின் பின்பக்கத்தில்: குடையை எடுத்தபோது அப்பா, "எங்கட்டி போற?" என்றார். "குற்றாலத்துக்கு." "எந்தப் பக்கத்துல இருக்கு?" "நோட்டுல இல்லப்பா." வழிவிட்டார். குடையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கையில் கொடுத்தேன். நெற்றி அகலம்தான். திரும்பும்போது மேலகரம் வரைக்கும் நனைந்துகொண்டு நடந்தேன்.